உண்ட கணக்கும் ரத்தக் கணக்கும்: ஜப்பானிய நடுவயதினரிடம் எந்த வைட்டமின் எதைச் சொல்லும்?

தாள்_படிப்பவன்

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானில் 40 முதல் 69 வயது வரை உள்ள சுமார் 200 பேரிடம் உணவு வினாப்பட்டியல் நிரப்பி வாங்கி, அதே ஆட்களிடம் ஒருமுறை ரத்தமும் எடுத்து, வைட்டமின் உட்கொள்ளலும் ரத்த அளவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்கத் திட்டம். ரத்தம் இன்னும் எடுக்கவில்லை, ஆகவே மாற்ற இடமிருக்கிறது. பட்டியலில் இருப்பவை ஏ, பி1, பி6, பி12, ஃபோலேட், சி, டி, ஈ, கே, கூடவே பீட்டா கரோட்டின்.

எனக்குப் பிடிபடாதவை மூன்று. மீன் இவ்வளவு சாப்பிடும் நாட்டில் வைட்டமின் டி ஏன் தரையில் கிடக்கிறது? பரிந்துரையைவிடப் பல மடங்கு பி12 உண்பவருக்கும் ரத்தத்தில் அது அதற்கேற்ப ஏறாதது ஏன்? ஆண்டுதோறும் நடக்கும் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின் எண்களை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா? ரத்தம் எடுப்பதிலும் கணக்கிடுவதிலும் எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மீன்முள்

பத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒட்டுறவுக் கெழு (உண்டதும் ரத்த அளவும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற எண்) போட்டு, 0.4 வந்தால் வினாப்பட்டியல் நல்லது, 0.05 வந்தால் மட்டம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாப்பிட்டதை ரத்தம் காட்டியே ஆகவேண்டும் என்று உடம்புக்கு ஒரு கட்டாயமும் கிடையாது. சில வைட்டமின்களை அது இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிலவற்றை மிஞ்சியவுடன் சிறுநீரில் விட்டுவிடும். டி-யின் கணக்கில் பெரும்பகுதி தட்டிலேயே இல்லை.

பிடித்து வைப்பதற்கு ரெட்டினால், அதாவது ரத்தத்தில் ஓடும் வைட்டமின் ஏ, நல்ல உதாரணம். கல்லீரலில் இருப்பு இருக்கும்வரை ரத்தத்தின் ரெட்டினால் அசையாது. ஒருவர் நேற்று குச்சியில் சுட்ட கோழி ஈரல் (யாகிதோரி) ஒரு குச்சி சாப்பிட்டிருந்தால், 100 கிராம் ஈரலில் 14,000 மைக்ரோகிராம் என்ற கணக்கில் அந்த ஒற்றைக் குச்சியே பெரியவர்களின் உச்சவரம்பான 2,700-ஐத் தாண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஈரலே தொடாதவர். இருவர் ரத்தத்திலும் ரெட்டினால் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆகவே ஏ உட்கொள்ளலுக்கும் சீரம் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் நீர்) ரெட்டினாலுக்கும் தொடர்பு வரவில்லை என்பது கண்டுபிடிப்பல்ல, எதிர்பார்க்க வேண்டியதுதான். பீட்டா கரோட்டின் போன்ற நிறமிகளான கரோட்டினாய்டுகளுக்கு அந்தக் காவல் கிடையாது, அவை சாப்பாட்டோடு ஏறி இறங்கும்.

டி-க்கு வருவோம். ஜப்பானில் உணவு வழி டி-யின் பெரும்பங்கு மீனிலிருந்து வருகிறது. பாலில் டி சேர்த்து விற்கும் அமெரிக்க வழக்கம் அங்கே பொதுவாக இல்லை. உணவுக் கூறு அட்டவணைப்படி 100 கிராம் பாலில் 0.3 மைக்ரோகிராம், அதே எடைச் சால்மனில் 32, இலையுதிர்காலத்துச் சான்மா மீனில் 16. மீன் என்ற சொல்லை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது: காட் மீனில் 1 தான், இறாலிலும் கணவாயிலும் இல்லை என்றே சொல்லலாம். 80 கிராம் சால்மன் துண்டு ஒன்று 25 மைக்ரோகிராம் தரும். மீனில்லாத நாளில் ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும் சேர்ந்தாலும் 3-ஐத் தொடாது. அதாவது ஒருவரின் தினசரி டி என்பது குழாயில் ஒழுகும் தண்ணீர் அல்ல. வாரத்தில் இரண்டு நாள் கொட்டி மற்ற நாளெல்லாம் காயும் மழை.

அதனால்தான் கணக்கெடுப்பில் பெரியவர்களின் சராசரி 7 மைக்ரோகிராமை ஒட்டி நின்றாலும் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் அளவு) அதற்கு வெகு கீழே இருக்கிறது. ஜப்பானின் ஊட்டச்சத்துப் பரிந்துரை அட்டவணையின் 2020 பதிப்பு பெரியவர்களுக்குப் போதுமான அளவு என்று சொன்னது 8.5, 2025 பதிப்பில் அது 9.0. அமெரிக்காவில் அதே வயதினருக்குச் சொல்வது 15. இதற்கிடையில் மீனே குறைந்து வருகிறது. தலைக்கு இவ்வளவு என்ற விநியோகக் கணக்கில் 2011-இல் இறைச்சி மீனை முந்திவிட்டது. நடுவயதின் இளைய பாதியைவிட மூத்த பாதிதான் மீன் பக்கம் நிற்கிறது. பல நாடுகளில் வயது கூடக்கூட டி குறைய, ஜப்பானில் இளையவர்களிடம், அதிலும் பெண்களிடம், குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். வெயில் படாமல் குடை, கையுறை, சன்ஸ்கிரீன் என்று காத்துக்கொள்ளும் பழக்கம் இன்னொன்று.

மிச்சம் சூரியன். முகமும் இரு புறங்கைகளும், அதாவது 600 சதுர சென்டிமீட்டர் தோல், வெளியே இருந்தால் 5.5 மைக்ரோகிராம் டி உண்டாக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஜப்பானில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஜூலை நண்பகலில் தெற்கே ஒகினாவாவின் நாஹாவில் 2.9 நிமிடம், டோக்கியோ பக்கத்து ட்சுகுபாவில் 3.5, வடக்கே ஹொக்கைடோவின் சப்போரோவில் 4.6. டிசம்பர் நண்பகலில் அதே மூன்று ஊர்களில் 7.5, 22.4, 76.4. உங்கள் 200 பேரில் ஒகினாவாக்காரரும் ஹொக்கைடோக்காரரும் கலந்திருந்தால், ஊரையும் மாதத்தையும் கணக்கில் எடுக்காமல் போட்ட டி ஒட்டுறவு வெறும் காகிதம்.

2023-இல் வெளிவந்த டோக்கியோ ஜிகேய்காய் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடல்நலப் பரிசோதனைக்கு வந்த 5,518 பேரில் 98 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் டி ஒரு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே. செய்தித்தாள்கள் இதை ‘98 சதவீதம் குறைபாடு’ என்று எழுதின. அது தவறு. ஜப்பானிய அளவுகோலில் 30-க்கு மேல் போதுமானது, 20 முதல் 30 வரை போதாமை, 20-க்குக் கீழேதான் குறைபாடு. 98 என்பது பின்னிரண்டும் சேர்ந்த எண். அந்த 30 என்ற கோடே இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

பி12: சமீபம்வரை பரிந்துரை 2.4 மைக்ரோகிராம், 2025 பதிப்பில் ‘போதுமான அளவு’ 4.0 என்று மாற்றிவிட்டார்கள். ஜப்பானியர் இதை எளிதில் எட்டுகிறார்கள். ஷிஜிமி என்ற சின்னச் சிப்பியின் சதையில் 100 கிராமுக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல், ஆகவே 10 கிராம் சதை போட்ட ஒரு கிண்ண மிசோ சூப்பிலேயே 6. ஆனால் குடலில் இதை ஏற்றிச்செல்லும் உள்ளகக் காரணிப் புரதம் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராமோடு நிறைந்துவிடும். அதற்கு மேல் சாப்பிட்டதில் நூற்றுக்கு ஒன்றுதான் தானாகக் கசிந்து உள்ளே போகும். வினாப்பட்டியலில் 6-க்கும் 20-க்கும் உள்ள பெரிய இடைவெளி ரத்தத்தில் சிறுத்துப்போக இதுவே காரணம். நடுவயதில் இன்னொன்றும் சேர்கிறது: ஹெலிகோபாக்டர் கிருமி பழகிச் சுருங்கிய இரைப்பை. அமிலம் குறைந்தால் உணவின் புரதத்திலிருந்து பி12 விடுபடாது. கிருமி ஒழிப்பு சிகிச்சை வாங்கினாரா, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் உண்டா என்ற மூன்று கேள்விகளை வினாப்பட்டியலில் சேர்க்காமல் பி12 பக்கம் போகாதீர்கள். இரைப்பை அழற்சிக்கான ஒழிப்பு சிகிச்சை 2013 பிப்ரவரியில் காப்பீட்டுக்குள் வந்தது என்பதால் 60 வயதினரில் கணிசமானோர் ‘வாங்கினேன்’ என்பார்கள்.

தேசியக் கணக்கெடுப்பை ஒப்பீட்டுக்கு எடுக்கலாம், ஆனால் சராசரிக்கு மட்டும். வழக்கமாக நவம்பரில் ஒரே ஒரு நாள். வீட்டுச் சமையலை எடைபோட்டு, யார் எந்தப் பங்கு சாப்பிட்டார்கள் என்று பிரிப்பார்கள். இந்தப் பிரிப்பு 1995-இல் வந்தது. ஒரே நாள் என்பதால் யாருக்கு எவ்வளவு பற்றாக்குறை என்ற பரவலை அதிலிருந்து எடுக்க முடியாது. அதில் ரத்தமும் எடுக்கிறார்கள், ஆனால் வழக்கமாகப் பார்ப்பது ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு போன்றவை. 40 முதல் 74 வயதினருக்கு 2008 முதல் நடக்கும் சிறப்பு உடல்நலப் பரிசோதனையிலும் வைட்டமின் கிடையாது. அந்தப் பரிசோதனை ரத்தத்தில் மிச்சம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தால், கீழே ஆய்வக ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

---

சோதனைக்குழாய்

போதாது. மிச்ச சீரத்தில் டி பார்க்கலாம், ஈ பார்க்கலாம். சி, பி1, சிவப்பணு ஃபோலேட் மூன்றையும் மறந்துவிடுங்கள்.

சி-தான் முதலில் கெடும். குழாயில் எடுத்த நிமிடத்திலிருந்து ஆக்சிஜனேற்றம் தொடங்கிவிடும். ஈ.டி.டி.ஏ. அல்லது ஹெப்பாரின் குழாயில் எடுத்து உடனே பனிக்கட்டியில் வையுங்கள். குளிரூட்டிய மையவிலக்கியில் அரை மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (உறையாத ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய நீர்) பிரியுங்கள். அதே அளவு 10 சதவீத மெட்டாபாஸ்பாரிக் அமிலத்தைக் கலந்து புரதத்தைப் படியவிட்டு, மேல்நீரை எடுத்து மைனஸ் 80-இல் வையுங்கள். அமிலம் சேர்க்காமல் மைனஸ் 20 பெட்டியில் இரண்டு மாதம் கிடந்த பிளாஸ்மாவில் சி பார்த்தால், எல்லோருக்கும் ஸ்கர்வி என்றுதான் வரும். சிவப்பணு உடைந்து சிவந்த மாதிரியையும் சி-க்கு ஒதுக்குங்கள், வெளியே வந்த இரும்பு மிச்சத்தைத் தின்றுவிடும்.

ஃபோலேட்டில் இதே உடைப்பு எதிர்த்திசையில் ஏமாற்றும். சிவப்பணுக்குள் இருக்கும் ஃபோலேட் சீரத்தைவிடப் பல மடங்கு. கொஞ்சம் உடைந்தாலே சீரம் ஃபோலேட் பொய்யாக ஏறும். சீரம் ஃபோலேட் நேற்று முன்தினச் சாப்பாட்டையும் சேர்த்துக் காட்டும், எனவே வெறும் வயிற்றில் எடுங்கள். வினாப்பட்டியல் கேட்பது ஓராண்டுப் பழக்கம் என்றால் அதற்குப் பொருத்தம் சிவப்பணு ஃபோலேட்தான், சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதற்கு முழு ரத்தம் 100 மைக்ரோலிட்டரை, புதிதாகக் கரைத்த 1 சதவீத அஸ்கார்பிக் அமிலம் 1 மில்லிலிட்டரில் விட்டு, உடைய நேரம் கொடுத்து உறையவைக்க வேண்டும். அன்றே ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் எந்தக் கணக்கும் போட முடியாது. அடிக்கடி நடக்கும் மறதி இது.

பி1-க்கு சீரம் வேண்டாம். ரத்தத்தின் பி1-இல் பெரும்பகுதி சிவப்பணுக்குள் டைபாஸ்பேட் வடிவில் இருக்கிறது, முழு ரத்தம்தான் பார்க்க வேண்டும். குழாயை மையவிலக்கியில் போட்டுவிட்டு ‘முழு ரத்தம் மிச்சமில்லை’ என்று கை பிசைவது பழைய கதை, தனிக் குழாய் ஒதுக்குங்கள்.

பி6-இல் அதன் ரத்த வடிவமான பிரிடாக்சல் பாஸ்பேட்டை, குறைந்தபட்சம் லிட்டருக்கு 30 நானோமோல் என்ற கோட்டை வைத்துப் பார்ப்பார்கள். வெளிச்சம் ஆகாது. அழற்சி இருந்தால் உட்கொள்ளல் மாறாமலேயே இறங்கும், ஆகவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் ஆல்புமினும் கூடவே பாருங்கள். கரோட்டினாய்டுகளுக்கும் வெளிச்சம் ஆகாது, குழாயில் அலுமினியத் தாள் சுற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

டி இவற்றில் சாது. ரத்தத்தில் அளக்கும் அதன் 25-ஹைட்ராக்சி வடிவம் அறை வெப்பத்தில் சில நாள் கிடந்தாலும், ஒன்றிரண்டு முறை உறைந்து உருகினாலும் பெரிதாக மாறாது. அதில் சிக்கல் கருவியில். எதிர்ப்புரத முறைக்கருவிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, டி2 என்ற இன்னொரு வடிவத்தைப் பிடிப்பதிலும் வேறுபடும். கோடு 20-இலும் 30-இலும் இருக்கும்போது கருவியின் சாய்வு 3 நானோகிராம் என்றாலே பலர் வகை மாறிவிடுவார்கள். முடிந்தால் திரவ நிறப்பிரிகை-நிறைமாலைமானியில் ஒரே தொகுதியாக ஓட்டுங்கள். முடியாவிட்டால் கருவியின் பெயரைக் கட்டுரையில் எழுதுங்கள். அலகிலும் கவனம்: நானோகிராம் எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு நானோமோல். 20-உம் 50-உம் ஒன்றுதான், இதைக் கலந்துகட்டிய மேற்கோள்கள் நிறைய உலவுகின்றன.

ஈ-யைத் தனியாக எழுதாதீர்கள். ஈ-யின் முக்கிய வடிவமான ஆல்ஃபா டோகோஃபெரால் கொழுப்புப்புரதத்தில் ஏறிப் பயணிப்பது. ரத்தக் கொழுப்பு மிகுந்த 55 வயதுக்காரருக்கு ஈ-யும் மிகுந்திருக்கும், அவர் பாதாமே தொடாதவராக இருந்தாலும். கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து எழுதுங்கள்.

---

கீரைக்கட்டு

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் பட்டியலில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஜப்பானில் வேலை செய்துகொண்டு அவற்றை விடுவது மனசுக்கு ஒப்பவில்லை.

ஒன்று, பீட்டா கிரிப்டோஸாந்தின் என்ற கரோட்டினாய்டு விட்டுப்போயிருக்கிறது. அவர்கள் குளிர்காலத்தில் உரித்து உரித்துத் தின்னும் மிக்கான் ஆரஞ்சில் இது குவிந்திருக்கிறது, மற்ற உணவுகளில் சொற்பம். ஆகவே ரத்தத்தின் அளவு ‘எத்தனை மிக்கான் சாப்பிட்டீர்கள்’ என்ற கேள்விக்கு நேரடிப் பதில் மாதிரி. ஷிசுவோக்காவின் மிக்கபி பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2003 முதல் இதை வைத்தே பின்தொடர்ந்தார்கள். 2015-இல் செயல்பாட்டு உணவு என்ற பெயர்ச்சீட்டோடு முதலில் வந்த புதுப்பழமும் அந்த மிக்கான்தான், ஒரு நாளைக்குச் சுமார் 3 பழம், எலும்புக்கு என்று. பீட்டா கரோட்டினைவிட இதுதான் உங்கள் வினாப்பட்டியல் தேறுமா என்று காட்டும். ஒரு நிபந்தனை: ரத்தம் ஜனவரியில் எடுத்ததா ஆகஸ்டிலா என்பது எண்ணைப் பல மடங்கு புரட்டிவிடும். பாதிப்பேரிடம் கோடையிலும் மீதிப்பேரிடம் குளிர்காலத்திலும் எடுத்தால் ஆட்களை அல்ல, பருவத்தை அளந்துகொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று கே. ‘கே’ என்று ஒரே பெயரில் எழுதியிருக்கிறீர்கள். கீரையிலிருந்து வரும் கே1 சில மணி நேரத்தில் ரத்தத்தைவிட்டுப் போய்விடும். நாட்டோ என்ற புளிக்கவைத்த சோயா மொச்சையிலிருந்து வரும் மெனாகினோன்-7 (கே2-இன் ஒரு வடிவம்) நாள்கணக்கில் நிற்கும். 2001-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் மாதவிடாய் நின்ற பெண்களின் ரத்தத்தில் மெனாகினோன்-7, மில்லிலிட்டருக்கு டோக்கியோவில் சராசரி 5.26 நானோகிராம், ஹிரோஷிமாவில் 1.22, பிரிட்டனில் 0.37. கிழக்கு ஜப்பான் நாட்டோ தின்னும், மேற்கு ஜப்பான் முகம் சுளிக்கும் என்ற சங்கதி ரத்தக்குழாயில் எழுதப்பட்டிருக்கிறது! ஒரு சின்னப் பொட்டலம் 40 முதல் 50 கிராம், அதுவே ஒரு நாளைய போதுமான அளவான 150 மைக்ரோகிராமைத் தாண்டும். கே1-ஐயும் மெனாகினோன்-7-ஐயும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால் நாட்டோ எல்லாவற்றையும் மூடிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு நாட்டோ தடை என்பதால் அவர்களை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள்.

ஃபோலேட்டுக்கும் ஒரு வரி. ஜப்பானில் மாவிலோ அரிசியிலோ ஃபோலிக் அமிலம் சேர்க்கும் சட்டக் கட்டாயம் இல்லை, ஆகவே உணவின் ஃபோலேட் ரத்தத்தில் கலங்காமல் தெரியும். ஆனால் ஏறக்குறைய 15 சதவீதத்தினருக்கு ஃபோலேட்டைக் கையாளும் நொதிக்கான எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுவின் 677 இடத்தில் டிடி வகை. ஒரே அளவு சாப்பிட்டாலும் இவர்களுக்கு ஃபோலேட் தாழ்ந்தும் ஹோமோசிஸ்டீன் உயர்ந்தும் இருக்கும். சைத்தாமா மாநிலத்தின் சகாதோ நகரம் 2006-இல் ஃபோலேட் திட்டம் தொடங்கி, மரபணுச் சோதனையோடு நாளைக்கு 400 மைக்ரோகிராம் என்று இலக்கு வைத்ததற்கு இதுவே அடிப்படை. நாட்டின் பொதுப் பரிந்துரை 240 தான்.

---

தாள்_படிப்பவன்

பல கண்கள் திறந்தன, நன்றி. ரத்தத்தை எல்லோரிடமும் பிப்ரவரி–மார்ச்சில் எடுப்பது என்று மாற்றிக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, சத்து மாத்திரை சாப்பிடுபவர்களை நீக்கிவிடலாமா? இரண்டு, வினாப்பட்டியலோடு மூன்று நாள் எடைபோட்ட உணவுக் குறிப்பும் வாங்கலாம் என்றிருக்கிறேன். மூன்று நாள் போதுமா, கணக்கில் என்னென்ன திருத்தம்?

---

சராசரிக்கு_அப்பால்

மாத்திரை விஷயம் முதலில். நீக்காதீர்கள், பிரித்து வையுங்கள். ஆனால் ‘சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் ஜப்பானிய நடுவயதுக்காரர் இல்லை என்பார், காலையில் ரயில் நிலையக் கடையில் ஒரு சத்துபானப் புட்டி குடித்துவிட்டு வந்திருப்பார். அதை அவர் மாத்திரையாக நினைப்பதில்லை. லிபோவிட்டன் டி மாதிரியான 100 மில்லிலிட்டர் புட்டியில் பி1, பி2, பி6 ஒவ்வொன்றும் 5 மில்லிகிராம். உணவில் அந்தப் பி1 வேண்டுமென்றால் 150 கிராம் வெள்ளைச் சோற்றுக் கிண்ணம் தருவது 0.03, அதே அளவு பழுப்பரிசிச் சோறு 0.24 மில்லிகிராம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தோள்வலிக்கும் கண்சோர்வுக்கும் மருந்துக்கடையில் விற்கும் பி1 மாத்திரைகளில் அளவு இதற்கும் பல மடங்கு மேலே. ஆகவே புட்டி, மாத்திரை, தூள், பழச்சாறு என்று பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தையும் கேளுங்கள். பாட்டில் பச்சைத் தேநீரில் நிறம் மங்காமலிருக்க வைட்டமின் சி சேர்ப்பார்கள், உணவுக் கூறு அட்டவணையின் சென்ச்சா (சாதாரணப் பச்சைத் தேநீர்) வரியை வைத்துக் கணக்கிட்டால் அது விட்டுப்போகும்.

மூன்று நாள் போதுமா என்பது எந்த வைட்டமின் என்பதைப் பொறுத்தது. ஒருவரின் உண்மையான சராசரியை 20 சதவீதப் பிழைக்குள் பிடிக்க வேண்டிய நாட்கள், 1.96-ஐ அவருடைய நாளுக்கு நாள் மாறுபாட்டுக் கெழுவால் பெருக்கி 20-ஆல் வகுத்து வரும் எண்ணின் வர்க்கம். புரதம் மாதிரி 30 சதவீதம் மாறுவதற்கு 9 நாள். டி மாதிரி 150 சதவீதம் மாறுவதென்று வைத்தால் 216 நாள். இதை யாரும் செய்யப்போவதில்லை. ஜே.பி.எச்.சி. என்ற ஜப்பானிய நீண்டகாலப் பின்தொடர் ஆய்வில் 138 வகை உணவு வினாப்பட்டியலைச் சரிபார்க்க நினோஹே, யோகொதே, சாக்கு, ஒகினாவா பகுதிகளில் பருவத்துக்கு 7 நாளாக, ஒகினாவாவில் 14, மற்ற இடங்களில் 28 நாள் எடைபோட்டார்கள். அதற்கு ஆள்பலம் வேண்டும். உங்களால் முடிந்தது மூன்று நாள் என்றால், அதை அடுத்தடுத்த நாட்களாக எடுக்காதீர்கள், நேற்றைய சால்மன் இன்றைய பெந்தோவில் (சாப்பாட்டுப் பெட்டியில்) வந்துவிடும். இரண்டு வேலைநாள், ஒரு விடுமுறைநாள், நடுவே இடைவெளி.

நாள் குறைந்தால் ஒட்டுறவும் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், அதற்கான திருத்தம் இப்படி. ஒரே ஆளுக்குள் நாளுக்கு நாள் மாறுபாட்டை ஆளுக்கு ஆள் மாறுபாட்டால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அதை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கிடைத்த ஒட்டுறவைப் பெருக்குங்கள். விகிதம் 5 என்றால் ஒரு நாளுக்கான பெருக்கெண் 2.45, மூன்று நாளுக்கு 1.63, 28 நாளுக்கு 1.09. ஆக, ஒரு நாள் குறிப்பில் கிடைத்த 0.15 உண்மையில் 0.37-ஆக இருக்கலாம். ஆனால் பெருக்கியதும் நம்பிக்கை இடைவெளியும் அதே அளவு விரியும். அதை எழுதாமல் 0.37-ஐ மட்டும் தலைப்பில் போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். ரத்தத்துக்கும் இதே நோய் உண்டு. 30 பேரிடமாவது ஒரு மாதம் கழித்து இரண்டாம் முறை எடுத்து அந்த மாறுபாட்டையும் கணக்கிடுங்கள்.

மற்றவை வரிசையாக: உட்கொள்ளலையும் ரத்த அளவையும் மடக்கை எடுங்கள், இரண்டும் வலப்பக்கம் நீண்டவை. பிறகு உட்கொள்ளலை மொத்தக் கலோரியின் மேல் தொடர்புக்கோடு (ரெக்ரெஷன்) போட்டு, கலோரியால் விளங்காத எச்சத்தை எடுங்கள். அதிகம் சாப்பிடுபவர் எல்லாவற்றையும் அதிகம் சாப்பிடுவதால் வரும் பொய்த்தொடர்பு அப்போது கழியும். ஆண், பெண் தனியாக. நடுவயது ஜப்பானிய ஆண்களில் புகை, மது இரண்டும் பெண்களைவிட அதிகம். புகைப்பவருக்கு சி-யும் கரோட்டினாய்டுகளும், குடிப்பவருக்கு கரோட்டினாய்டுகளும் ஃபோலேட்டும் உட்கொள்ளலைத் தாண்டிக் குறையும். உடற்பருமன் எண்ணும் வேண்டும், ஏனென்றால் டி-யும் கரோட்டினாய்டுகளும் கொழுப்புத்திசுவில் தங்கும். சி-யில் நேர்கோடு போடாதீர்கள்: நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் பிளாஸ்மா லிட்டருக்கு 70 மைக்ரோமோலை ஒட்டிச் சமநிலைக்கு வந்துவிடும். பரிந்துரையின் அடிப்படையாக 2020 பதிப்பு எடுத்துக்கொண்ட 50 மைக்ரோமோல் என்ற கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.

அட்டவணைப் பதிப்பையும் குறியுங்கள். முட்டையின் டி, 100 கிராமுக்கு 1.8 என்று இருந்தது 2020-இல் வந்த எட்டாம் பதிப்பில் 3.8. பழைய கட்டுரையோடு ஒப்பிட்டு ‘ஜப்பானியரின் டி உட்கொள்ளல் உயர்ந்தது’ என்று எழுதினால், உயர்ந்தது அட்டவணையாக இருக்கலாம்.

---

சோதனைக்குழாய்

பிப்ரவரி–மார்ச் பற்றி ஒரு எச்சரிக்கை. டி ஆண்டின் அடிமட்டத்தில் இருக்கும் நேரம் அது, சூரியனின் பங்கு மிகக் குறைவாக இருப்பதால் மீனின் பங்கு தெளிவாகத் தெரியும். பொருத்தம் பார்க்க நல்ல மாதம். ஆனால் அந்த எண்ணை எடுத்து ‘இத்தனை சதவீதத்தினருக்குக் குறைபாடு’ என்று எழுதினால், செப்டம்பரில் எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும் என்று யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இரண்டாம் முறை எடுக்கும் அந்த 30 பேரை ஒரு மாதம் கழித்து அழைப்பதோடு, செப்டம்பரிலும் ஒருமுறை அழைத்துவிடுங்கள். டி-க்கு மட்டும் ஒரு குழாய் சீரம் போதும்.